நாவலில் 16 பக்கத்தைக் காணோம்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அண்ணாச்சி, ஆன்லைனில் 499 ரூபாய்க்கு ஒரு அறிவியல் புனைகதை நாவல் வாங்கினேன். வேறொரு விண்மீனுக்குப் போகும் கப்பலை முகம் காட்டாத வேற்றுக்கிரகவாசிகள் பின்தொடர்கிறார்கள். அவர்கள் யாரென்று தெரியப்போகும் நேரத்தில், 192-ஆம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 177 வருகிறது. அது 192 வரை ஓடி, நேராக 209-க்குத் தாவுகிறது. வாங்கி மூன்று வாரம் ஆகிவிட்டது. ‘ஏழு நாள் கெடு முடிந்தது’ என்று கையை விரிக்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இது பைண்டிங் கோளாறு தம்பி. புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக, அதாவது மடித்த தாள் கட்டுகளாக, அச்சாகும். உங்கள் பிரதியில் 12-ஆவது ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்து, 13-ஆவது விட்டுப்போயிருக்கிறது. பொருநை புத்தகத் திருவிழா ஸ்டாலில் என்றால் நின்ற இடத்திலேயே புரட்டிப் பார்த்திருக்கலாம். ஆன்லைனில் வாங்கியதைப் படித்தால்தான் தெரியும். சூரியனை விட்டால் மிக அருகில் இருக்கும் விண்மீனே 4.2 ஒளியாண்டு தூரம். அங்கே போகிற கதையை ஏழு நாளில் முடிக்கச் சொல்வது கொஞ்சம் ஓவர்தான்.

ஏழு நாள் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கெடு. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அதனால் போனில் மல்லுக்கட்ட வேண்டாம், மெயில் போடுங்கள். பக்கம் தாவும் இரண்டு இடங்களையும் பதிப்புரிமைப் பக்கத்தையும் போட்டோ எடுத்து, பில்லோடு அனுப்புங்கள். அதையே பதிப்பகத்துக்கும் தட்டிவிடுங்கள். என்னைக் கேட்டால் அங்கேதான் காரியம் சீக்கிரம் முடியும்; நல்ல பதிப்பகம் மறுபேச்சில்லாமல் வேறு பிரதி தந்துவிடும். ‘இது எங்கள் அச்சே இல்லை’ என்று பதில் வந்தால் திருட்டுப் பதிப்பு. அப்போது மாற்றுப் பிரதி வேண்டாம், பணத்தையே கேளுங்கள். கூப்பன் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

அதற்கும் மசியாவிட்டால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். கடைசி வழி, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருட அவகாசம் உண்டு. 499 ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் இஷ்டம்.

பிரதியில் பெயர் எழுதுவது, அடிக்கோடு போடுவது எதுவும் வேண்டாம். அந்த 16 பக்கத்துக்காகப் பொறுக்க முடியவில்லை என்றால், உங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தில் அந்த நாவல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.