ஆர்டிஐ-யில் ‘தனிப்பட்ட தகவல்’ என்று மறுத்தால் ஆணையர் எதைப் பார்ப்பார்?

தகவல் ஆணையர், 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இரண்டாம் மேல்முறையீட்டை விசாரிப்பவர். ஊர்த் திருவிழா முடிந்ததும் வரவு செலவை நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறோம். பந்தல்காரருக்குக் கொடுத்த தொகை அதில் இருக்கும், அவருடைய வீட்டுக் கடன் இருக்காது. ஊர்ப் பணத்துக்குத்தானே கணக்கு! ஆணையர் பார்ப்பதும் கிட்டத்தட்ட இதைத்தான். அதிகாரியின் சம்பளத்தை அலுவலகமே வெளியிட வேண்டும். வருமான வரிக் கணக்கு தனிப்பட்டது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டும் ஒரே கோப்பில் கலந்திருந்தால்? தனிப்பட்ட பகுதிகளைக் கறுப்பு மையால் மறைத்துவிட்டு மீதியைத் தரலாம், பிரிவு 10 அதற்குத்தான்.

தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(ஜே)-யை, அதிலிருந்த நிபந்தனைகளை நீக்கி 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுருக்கிவிட்டதால் ‘இனி எதுவும் கிடைக்காது’ என்கிறார்கள் சிலர். அப்படியில்லை, பாதிப்பைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது.