முறையாகக் கலை படிக்காத கலைஞர்களில் உங்களால் மறக்க முடியாதவர் யார், ஏன்?

ஜூடித் ஸ்காட். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1943ல் பிறந்து 2005ல் இறந்தவர். கிடைத்த பொருளை எல்லாம் நூலாலும் துணியாலும் சுற்றிச் சுற்றிச் சிற்பமாக்கியவர். அறிவு வளர்ச்சியை மெதுவாக்கும் டவுன் சிண்ட்ரோம் என்ற மரபணுக் குறைபாட்டுடன் பிறந்தார், காது கேட்காது, பேச்சும் வராது.

நான் சென்னிமலைக்காரன். தறிச் சத்தத்தில் வளர்ந்து இப்போது திருப்பூரில் நூல் வியாபாரத்தில் இருக்கிறேன். கலை விமர்சனம் எனக்குத் தெரியாது, நூல் தெரியும். அந்த அளவில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூடித்துக்கு ஜாய்ஸ் என்று இரட்டைச் சகோதரி உண்டு, அவருக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லை. ஏழு வயது வரை இருவரும் ஒன்றாகவே தூங்கி எழுந்து விளையாடினார்கள். ஒருநாள் காலையில் ஜாய்ஸ் கண் விழித்தபோது பக்கத்தில் ஜூடித் இல்லை, அரசு விடுதியில் சேர்க்கக் கூட்டிப் போய்விட்டார்கள். குழந்தையாக இருந்தபோது வந்த ஸ்கார்லெட் காய்ச்சலில் ஜூடித்துக்குக் காது போயிருந்தது, அது அப்போது யாருக்கும் தெரியாது. வாயால் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதால் 'இவளுக்குக் கற்றுக்கொடுக்க முடியாது' என்று எழுதி வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான், 35 வருடம் போய்விட்டது. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து வரையப் போனபோது இந்தப் பிள்ளையின் கையிலிருந்து மட்டும் க்ரேயானைப் பிடுங்கியிருக்கிறார்கள். பல வருடம் கழித்து விடுதிப் பதிவேடுகளைப் பார்த்துத்தான் ஜாய்ஸுக்கு அது தெரிந்தது.

எண்பதுகளின் நடுவில் ஜாய்ஸ் சட்டப்படி ஜூடித்தின் பொறுப்பை வாங்கிக் கலிபோர்னியாவுக்குக் கூட்டி வந்தார். ஓக்லாண்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1974ல் தொடங்கிய 'கிரியேட்டிவ் குரோத்' என்ற கலைக்கூடத்தில் 1987ல் சேர்த்துவிட்டார். கிட்டத்தட்ட இரண்டு வருடம் எதுவும் நடக்கவில்லை. காகிதமும் வண்ணமும் கொடுத்தால் வட்டம் வட்டமாகச் சுழித்துவிட்டு வைத்துவிடுவார். அப்புறம் சில்வியா செவன்டி என்ற நூல் கலைஞர் வகுப்பெடுக்க வந்தார். அவர் சொல்லிக்கொடுத்ததை ஜூடித் செய்யவில்லை. குச்சிகளை எடுத்தார், நூலை எடுத்தார், சுற்ற ஆரம்பித்தார். சாகும்வரை நிறுத்தவே இல்லை.

அவர் செய்ததை நெசவு என்றும் சொல்ல முடியாது, பின்னல் என்றும் சொல்ல முடியாது. தறி நாடாவுக்குள் வைக்கும் நூல் குழலைத் தார் என்போம், அந்தத் தார் சுற்றத் தெரிந்தவர்களுக்கு ஒன்று புரியும், நூலைச் சுற்றுவது சுலபம், நழுவாமல் நிற்க வைப்பதுதான் கஷ்டம். உருண்டையான பொருளில் சுற்று தானாக உட்காரும், கோணல் மாணலாகக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் முனையில் வழுக்கும். அவருடைய சிற்பங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வழுக்கும் இடத்தில் குறுக்கே இன்னொரு நூலை அடிச்சுற்றுக்குள் நுழைத்து இழுத்து முடிச்சுப் போட்டிருப்பார், அதன் மேல் வேறு நிறத்தில் மறுபடி சுற்று, மேலே துணிக் கிழிசல். இதற்கு விரலில் இழுப்பு ஒரே சீராக வேண்டும். ஒரு சிற்பம் முடிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். முடிந்ததும் தள்ளி வைத்துவிடுவார். எந்தச் சிற்பத்துக்கும் பெயர் கிடையாது. முடிந்துவிட்டது என்று அவருக்கே தெரிந்ததே, அந்த இடத்தில்தான் நான் அவரைக் கலைஞர் என்று நம்பினேன்.

ஒருமுறை நூல் கையில் கிடைக்காதபோது கை துடைக்கும் காகிதத்தைக் கட்டுக்கட்டாக எடுத்துவந்து, கிழித்து முறுக்கி முடிச்சுப் போட்டே முழுச் சிற்பத்தையும் செய்திருக்கிறார். வெள்ளை வெளேரென்று இருக்கும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான்.

இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் உருவங்களைப் பார்த்துவிட்டு, பிரிந்த சகோதரியைத்தான் செய்திருக்கிறார் என்று பலரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் அதை மட்டுமே சொன்னால் நிறம் பொறுக்கிய கண்ணையும் இழுத்துக் கட்டிய விரலையும் விட்டுவிடுகிறோம். 1999ல் முதல் கண்காட்சி, 2014ல் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் பெரிய கண்காட்சி. இரண்டாவதைப் பார்க்க அவர் இல்லை.

சரி, எனக்கு ஏன் மறக்க முடியவில்லை என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார், அப்பாவின் தங்கை. அவருக்கும் காது கேட்காது, எதுவும் மெதுவாகத்தான் புரியும். போர்வைத் தறியில் அறுத்துப் போடும் கழிவு நூலைத் திண்ணையில் வைத்துக்கொண்டு வேப்பங்குச்சி, சோப்பு டப்பா, உடைந்த தார் என்று எதையாவது சுற்றிக்கொண்டே இருப்பார். "அந்தப் புள்ளை கையில நூலக் குடுக்காதீங்க, சிக்கு எடுக்க ஆரு இருக்கா" என்று ஆத்தா சத்தம் போடும். சுற்றி வைத்ததை அடுப்புக்குப் போட்டுவிடுவோம். நூலைப் பிடுங்கிய கைகளில் என் கையும் உண்டு, எனக்கு அப்போது பத்து வயது. அத்தை அழமாட்டார், பிடுங்கிய கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜூடித்தின் படத்தை முதலில் பார்த்தபோது அத்தை போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த வாரமே ஊருக்குப் போய்ப் பரணில் தேடினேன். ஒன்றே ஒன்று கிடைத்தது. ஒரு முழ நீளம், அரக்குச் சிவப்பும் கிளிப்பச்சையும் மாறி மாறிச் சுற்றி, ஒரு முனை மட்டும் அகலமாக இருக்கிறது. அப்பாருவின், அதாவது தாத்தாவின், டார்ச் லைட் காணாமல் போய் ஒரு மாதம் வீடே தேடியதை அம்மா அப்போதுதான் சொன்னார். ஆட்டினால் உள்ளே பேட்டரி லேசாக இடிக்கும் சத்தம் கேட்கிறது. சுற்று ஓர் இடத்தில்கூட நழுவவில்லை.