கரும்பலகைக்கு வந்த அரிசிச் செய்தி

கேள்வி: பிளஸ் 1 வகுப்புக்குப் பொருளியல் எடுக்கிறேன். தேவை, அளிப்பு என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். செய்திகளை வைத்து நடத்தலாமா?
– ஓர் ஆசிரியை, பாபநாசம்

பதில்: தாராளமாக நடத்துங்கள், அம்மா. மன்னார்குடிப் பக்கம் நானும் முதல் பத்து நிமிடத்தை நாளிதழுக்கே தருகிறேன். 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. மறுநாள் கரும்பலகையில் ஒரே கேள்விதான்: யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? குறுவை நெல் நட்ட வீட்டுப் பையன் ஒரு பக்கம், கடையில் அரிசி வாங்கும் வீட்டுப் பெண் மறுபக்கம். மணி அடித்தும் வாக்குவாதம் ஓயவில்லை! வெளிநாட்டில் விலை ஏறும், உள்ளூரில் அடங்கும் என்று அவர்களாகவே கண்டுபிடித்தார்கள்.

அப்புறம், ஆதரவு விலையை, அதாவது விவசாயியிடம் நெல் வாங்க அரசு உறுதி தரும் குறைந்தபட்ச விலையை, நடத்தும்போது அரசு நெல் கொள்முதல் நிலையத்தின் 17 சதவீத ஈரப்பத வரம்பிலிருந்து தொடங்குங்கள். மழையில் நனைந்த நெல்லைச் சாலையில் காயவைத்த பிள்ளைகளுக்கு அது புதிதல்ல.

ஒன்று மட்டும்: செய்தியை ஒரே நாளில் விட்டுவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் தடை நீங்கியபோது, பழைய மாணவர்களின் கணிப்புகளைப் புது வகுப்புக்குப் படித்துக் காட்டினேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.