லூத்தரும் உழவர்களும்: திருச்சபைச் சீர்திருத்தம் பற்றிய கேள்வி பதில்

ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் தொடங்கிய 16-ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சீர்திருத்தம் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (திண்டுக்கல்): பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள், லூத்தர் எதிர்த்தார், சபை பிளந்தது என்று பள்ளியில் படித்தோம். அவ்வளவுதானா?

முதலில் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 'பாவமன்னிப்புச் சீட்டு' என்ற பெயரே பாதித் தவறுக்குக் காரணம். கத்தோலிக்கர் தமிழில் அதைப் 'பலன்' என்பார்கள். பரிபூரண பலன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பாவசங்கீர்த்தனம் செய்து குருவிடம் மன்னிப்புப் பெற்ற பிறகும் தண்டனையில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும், அதை இங்கே தவத்தால் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் இறந்தபின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிக்க வேண்டும் என்பது போதனை. அந்த மிச்சத் தண்டனையைக் குறைப்பதுதான் பலன். 1476-ல் போப் நான்காம் சிக்ஸ்துஸ் அதை இறந்தவர்களுக்கும் விரித்தார். செத்துப்போன தாய் தகப்பனை நினைத்து அழுகிறவர்களிடம் அதற்குப் பிறகு காசு கேட்பது எவ்வளவு எளிது என்று யோசியுங்கள்.

இனி கடன் கதை. பிராண்டன்பர்க் ஆல்பிரெக்ட் இருபத்தைந்து வயதுகூட ஆகாதவர். ஏற்கெனவே மாக்டெபுர்க் பேராயர். 1514-ல் மைன்ஸ் பேராயர் பதவியும் கிடைத்தது. ஒருவரே இத்தனை பதவி வகிக்க ரோமின் சிறப்பு அனுமதி வேண்டும், அதற்குப் பெரும் பணம் கட்ட வேண்டும். ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபூகர் என்ற வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். கடனை அடைக்க அவருடைய பகுதிகளில் பலன் விற்க ரோம் ஒப்புக்கொண்டது. வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு பேராலயக் கட்டடத்துக்கு, மறுபாதி ஃபூகர் கடனுக்கு. பெட்டிக்குள் காசு போட்ட கிழவிக்கு இந்தப் பாதிக்கணக்கு தெரியாது. அப்போது லூத்தருக்கே தெரியாது.

டெட்சல் என்ற தொமினிக்கன் துறவி பிரசங்கித்து விற்றார். லூத்தர் வாழ்ந்த சாக்சனிக்குள் அவரை விடவில்லை. லூத்தரின் ஊரான விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்பொக் போய் வாங்கி வந்தார்கள். 'கையில் தாள் இருக்கிறது, இனி மனம் வருந்த வேண்டியதில்லை' என்று நினைக்கத் தொடங்கினார்கள். லூத்தரைச் சுட்டது இதுதான். மனந்திரும்புதல் வாழ்நாள் முழுவதுக்கும் உரியது என்பதுதான் பலனைப் பற்றி விவாதிக்க அவர் எழுதிய 95 வாதங்களில் முதலாவது. 86-ஆவதில்தான் போப் தன் சொந்தப் பணத்தில் பேராலயம் கட்டக் கூடாதா என்று கேட்கிறார். போதனை முதலில், பணம் பிறகு. இரண்டில் ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): அந்த 95 வாதங்களை ஆணியடித்துத் தேவாலயக் கதவில் மாட்டினார் என்பது உண்மையா?

1517 அக்டோபர் 31 அன்று ஆல்பிரெக்டுக்குக் கடிதத்தோடு அனுப்பினார், அது உறுதி. கதவைப் பற்றி லூத்தரே எங்கும் எழுதவில்லை. அவர் இறந்த 1546-ல் அவருடைய நண்பர் மெலாங்தன்தான் அதை எழுதினார். அவர் 1517-ல் அந்த ஊரிலேயே இல்லை.

கேள்வி (மதுரை): பாவமன்னிப்புச் சீட்டு என்ன விலை?

பலன். ஆல்பிரெக்டின் விதிமுறைப்படி அரசர்களும் பேராயர்களும் 25 பொற்காசு தர வேண்டும், மற்றவர்களுக்கு நிலைக்கேற்பக் குறையும். ஒன்றுமில்லாத ஏழைகளுக்குச் செபமும் உபவாசமும் போதும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): யான் ஹஸ்ஸும் இதையெல்லாம் சொன்னாரே. அவரை எரித்தார்கள், லூத்தர் தப்பினார். ஏன்?

நல்ல கேள்வி. மன்னர் சிகிஸ்மண்டின் பாதுகாப்புக் கடிதம் கையில் இருந்தும் 1415-ல் கான்ஸ்டன்ஸில் செக் நாட்டுப் போதகர் ஹஸ் எரிக்கப்பட்டார். லூத்தருக்கு மூன்று பாதுகாப்பு அமைந்தன. ஒன்று, அச்சு இயந்திரம். ஹஸ் காலத்தில் ஐரோப்பாவில் அது இல்லை. இரண்டு, சாக்சனி இளவரசர் பிரெடெரிக். 1519-ல் புதிய பேரரசரைத் தேர்ந்தெடுக்க அவர் வாக்கு தேவைப்பட்டதால் போப் அவரைப் பகைக்கத் தயங்கினார். 1521-ல் வோர்ம்ஸ் விசாரணை முடிந்து திரும்பும் வழியில் லூத்தரைக் கடத்துவதுபோல் கடத்தி வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்ததும் அவர்தான். மூன்று, பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் துருக்கியர். லூத்தரைக் கவனிக்க நேரமில்லை.

கேள்வி (தஞ்சாவூர்): 1525-ல் ஏழை உழவர்களைக் 'குத்துங்கள், வெட்டுங்கள்' என்று எழுதியவரைச் சீர்திருத்தவாதி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

எழுதினார், மறைக்க ஒன்றுமில்லை. என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். ஜெர்மனியில் உழவர்கள் பிரபுக்களை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த காலம் அது. 1525 தொடக்கத்தில் மெம்மிங்கன் ஊரில் செபாஸ்டியன் லோட்சர் என்ற தோல்தொழிலாளி உழவர்களின் கோரிக்கைகளைப் பன்னிரண்டாகத் தொகுத்தார். போதகரை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும், காட்டில் விறகும் ஆற்றில் மீனும் எங்களுக்கும் வேண்டும் என்று போகும். மூன்றாவதில், கிறிஸ்து தம் இரத்தத்தால் இடையனையும் பெரிய பிரபுவையும் ஒன்றுபோலவே மீட்டார், பின் நாங்கள் ஏன் அடிமைகள் என்று கேட்கிறார்கள். பன்னிரண்டாவதில், வேதத்துக்கு முரணானது எதையும் காட்டினால் கைவிடுகிறோம் என்கிறார்கள். இது லூத்தரிடமிருந்தே கற்ற பேச்சு. கிறிஸ்தவன் சுதந்திரன் என்று 1520-ல் எழுதியவர் அவர்தான். அவர் ஆன்மாவைச் சொன்னார். அவர்கள் முதுகில் இருந்த சுமையையும் சேர்த்துக் கேட்டார்கள். லூத்தரோ, ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்று பதில் எழுதினார். அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

மறுப்பு (தரங்கம்பாடி): ஐயா, அதே லூத்தர் பிரபுக்களைத்தான் முதலில் கண்டித்தார். அதைச் சொல்லாமல் விடலாமா?

நியாயம். ஏப்ரலில் எழுதியதில் கலகத்துக்குக் காரணமே பிரபுக்கள்தான் என்றார். பிறகு வைன்ஸ்பெர்கில் உழவர்கள் ஒரு பிரபுவை ஈட்டிவரிசைக்கு நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். அந்தச் சீற்றத்தில் 'குத்துங்கள், வெட்டுங்கள்' என்ற இரண்டாவதை எழுதினார். இரண்டும் சேர்ந்து வர வேண்டியவை. பல ஊர் அச்சகத்தார் இரண்டாவதை மட்டும் தனியாக அடித்தார்கள். மே 15 அன்று ஃபிராங்கன்ஹவுசனில் உழவர்கள் ஆயிரக்கணக்கில் வெட்டுண்ட நேரத்தில்தான் அது மக்கள் கைக்கு வந்தது. ஆனால் ஜூலையில் விளக்கம் எழுதியபோதும் அவர் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறவில்லை. அது அவர் தவறு. அவரை மதிக்கிறவன் என்றே சொல்கிறேன்.

மீண்டும் தஞ்சாவூர்: ஆக, பிரபுக்களின் ஆள். எல்லாம் நடிப்பு.

இல்லை. வோர்ம்ஸில் பேரரசர் முன் உயிரைப் பணயம் வைத்து நின்றவரை நடிகர் என்று சொல்ல நான் ஒப்ப மாட்டேன். அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்ற வேத வாக்கியத்தை, ரோமர் 13-ஐ, உண்மையாகவே நம்பினார். அதன் விளைவைப் பாருங்கள்: சபையைப் போப்பிடமிருந்து மீட்டுப் பிரபுக்களின் கையில் கொடுத்தது போலாயிற்று. 1555 ஆக்ஸ்பர்க் உடன்படிக்கையில் நாட்டை ஆள்பவனின் மதமே நாட்டின் மதம் என்று ஏற்பாடு செய்தார்கள். பிடிக்காத குடி வீட்டை விற்றுவிட்டு வெளியேறலாம்.

கேள்வி (சென்னை): இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி போப்பை விட்டுப் பிரிந்தது விவாகரத்துக்காகத்தானே?

விவாகரத்து அல்ல, திருமணம் செல்லாது என்ற தீர்ப்பு. அது தனி வரலாறு, இங்கே வேண்டாம்.

கேள்வி (கோவை): எது உண்மையான சபை?

உங்கள் போதகரையோ பங்குத்தந்தையையோ கேளுங்கள். நான் வரலாறு மட்டும் சொல்கிறேன்.

கேள்வி (திருச்சி): கத்தோலிக்க சபை பாவமன்னிப்புச் சீட்டை எப்போது நிறுத்தியது?

மூன்றாவது முறை சொல்கிறேன், பலன். பலன் நிற்கவில்லை, இன்றும் உண்டு. நின்றது காசு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1563-ல் அந்த வசூலைக் கண்டித்தது, 1567-ல் போப் ஐந்தாம் பயஸ் காசு சம்பந்தப்பட்ட பலன்களை ரத்து செய்தார். இந்தச் சொல்லோடு வரும் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை.

கேள்வி (சிங்கப்பூர்): தமிழுக்கு இதில் ஏதாவது வந்ததா?

இரு பக்கமிருந்தும் வந்தது. 1540-ல் அங்கீகாரம் பெற்ற கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையைச் சேர்ந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலை அச்சிட்டார். லூத்தரன் போதகர் சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கி, லூத்தரின் ஞானோபதேசத்தையும் புதிய ஏற்பாட்டையும் தமிழாக்கினார். வேதம் அவரவர் பேச்சில் இருக்க வேண்டும் என்ற விட்டன்பர்க் பிடிவாதம் அப்படித்தான் நம் கடற்கரைக்கு வந்தது.

மீண்டும் தஞ்சாவூர்: சரி ஐயா. அந்தப் பன்னிரண்டு கோரிக்கைகளில் எதை முதலில் படிப்பது?

பதினோராவதை. வீட்டுத்தலைவன் இறந்ததும் விதவையிடமும் பிள்ளைகளிடமும் பிரபு பிடுங்கும் சாவுவரியைப் பற்றியது. அந்த வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும், இனி யாரும் சிறிதோ பெரிதோ எதுவும் தரத் தேவையில்லை என்று முடித்திருப்பார்கள்.