“எல்லாத்துக்கும் ஆகும்” என்று விற்ற சாயம்

கேள்வி (வாசகி, பகாவ்): ஐயா, வணக்கம். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்தபோது அம்மாவின் துணி அலமாரியை மட்டும் கையோடு கொண்டு வந்தோம். பலகை இன்னும் கெட்டி. வார்னிஷ்தான் கறுத்துப்போய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. தீபாவளிக்கு முன் வெள்ளை அடித்துவிடலாம் என்று டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அலமாரிக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து வைத்து, “இது எல்லாத்துக்கும் ஆகும்” என்றார். ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒரே நாளில் மூன்று பூச்சு அடித்தேன். ஒரு மாதம் ஆகிவிட்டது. லாச்சி (இழுப்பறை) ஒட்டிக்கொண்டு திறக்க வரமாட்டேன் என்கிறது. நகம் பட்ட இடமெல்லாம் பாலாடை மாதிரி உரிகிறது. கதவில் தேத்தண்ணி கொட்டினது போலப் பழுப்புத் திட்டு. சாயம், பிரஷ், ரோலர் என்று 130 வெள்ளி போய்விட்டது. கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? டின்னின் படத்தை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கேட்கலாம். ஆனால் போய் நிற்பதற்கு முன், எது யார் தவறு என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் அலமாரியில் இருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

உரிவதற்குக் காரணம் நீங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பழைய வார்னிஷ் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும். அதன் மேல் பல வருடத்து மெழுகு பாலிஷ், எண்ணெய்க் கை, ஊதுபத்திப் புகை எல்லாம் படிந்து கிடக்கும். ஈரத்துணி அதைப் பரப்பித்தான் விடும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, 120ஆம் நம்பர் உப்புத்தாளிலும் பிறகு 180இலும் பளபளப்பு போகும்வரை தேய்த்திருக்க வேண்டும். மரம் தெரியும்வரை தேய்க்கத் தேவையில்லை. மங்கினால் போதும், சாயத்துக்குப் பிடிமானம் கிடைத்துவிடும்.

லாச்சி ஒட்டுவதற்குக் காரணம் டின். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘டிண்டிங்’ என்று மலாயில் தெளிவாகப் போட்டிருக்கிறது. அது சுவருக்கு உள்ள எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்த நீர்ச்சாயம். மரத்துக்கு என்றால் ‘காயு’ என்று இருக்கும், இரும்புக்குச் சேர்த்து ‘காயு டான் பெசி’ என்றும் போடுவார்கள். சுவர்ச் சாயம் காய்ந்தாலும் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும். சுவரை யாரும் இன்னொரு சுவரோடு அழுத்தி வைப்பதில்லை, அதனால் அங்கே அது குறையாகத் தெரியாது. லாச்சியும் சட்டமும் சாயத்தோடு சாயம் அழுந்தி நிற்கும் இடம். அங்கே இரண்டு பூச்சும் சேர்ந்து பசையாகிவிடும். இதில் உங்கள் பங்கும் உண்டு. தீபாவளிக்கு முந்திய மழை நாட்களில், ஒரே நாளில் மூன்று பூச்சு! நீர்ச்சாயம் ஒரு மணி நேரத்தில் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும். முழுக்க இறுக மூன்று நான்கு வாரம் எடுக்கும். மேல்பூச்சு அவசரமாக விழுந்தால் அடியில் உள்ளது இன்னும் தாமதமாகும்.

பழுப்புத் திட்டுக்கு உங்களையும் குறை சொல்ல முடியாது, கடையையும் சொல்ல முடியாது. மரத்தில் உள்ள துவர்ச்சத்து நீர்ச்சாயத்தின் ஈரத்தில் கரைந்து மேலே ஏறுகிறது. மெர்பாவ் மரம் இதில் பேர்போனது, சிவப்பு மெராந்தி மரமும் சில சமயம் செய்யும். பழைய வார்னிஷில் கலந்த நிறமும் இப்படிக் கசியும். என் வீட்டு மெர்பாவ் மேசைக்கு நானும் வெள்ளை அடித்தவன்தான். கறை வந்தது, மேலே அடித்தேன். மறுபடி வந்தது, மறுபடி அடித்தேன். நான்காவது பூச்சுக்கு மச்சான் வந்து பார்த்துவிட்டு, “மேசைக்குக் காமாலையா?” என்றார். சாதாரணச் சாயத்தை எத்தனை முறை பூசினாலும் இது அடங்காது. ஷெல்லாக்கில் (அரக்கில்) செய்த, கறை தடுக்கும் பிரைமர் ஒரு பூச்சு அடியில் வேண்டும்.

இனி கடை விஷயம். மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு உதவும் விதி ஒன்று இருக்கிறது. இன்ன காரியத்துக்கு என்று சொல்லிப் பொருள் கேட்டு, விற்பவரின் பேச்சை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். “அலமாரிக்கு” என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னதுதான் இங்கே உங்கள் பலம். வெறுமனே “வெள்ளை ஒரு டின்” என்று கேட்டு வாங்கியிருந்தால் நான் கையை விரித்திருப்பேன். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டினால் பயப்படாதீர்கள். சட்டம் கொடுத்த உரிமையைப் பலகை எழுதி அழிக்க முடியாது. ஆனால் “டின்னிலேயே போட்டிருக்கே, படிக்கலையா?” என்று கேட்பார். அது நியாயமான கேள்வி. உரிந்ததற்கும் கறைக்கும் சேர்த்து அவரிடம் காசு கேட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

அதனால் ரசீது, டின், ஒட்டிய லாச்சியின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். சாயத்தின் விலையை மட்டும் கேளுங்கள், அல்லது அதே விலைக்கு மரச்சாயம் மாற்றிக் கேளுங்கள். சின்ன ஊர், பாதிக் கடைக்காரர்கள் இதற்கே இறங்கி வந்துவிடுவார்கள். முடியாது என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் கூடாது, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம். ஒரு டின் சாயத்துக்காக விசாரணைக்கு அலைய நான் உங்களை ஏவ மாட்டேன். ஆனால் அப்படி ஒரு வழி உங்களுக்குத் தெரியும் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் கெடுதல் இல்லை.

அலமாரி பிழைத்துவிடும். தோலாக உரிவது இப்போது உங்களுக்கு அதிர்ஷ்டம்தான், தட்டையான கரண்டியால் பெரும்பகுதியைச் சுரண்டி எடுத்துவிடலாம். அப்புறம் கழுவி, தேய்த்து, தூசு துடைத்து, பிரைமர், அதன் மேல் மரச்சாயம் மெல்லிசாக இரண்டு பூச்சு. நடுவில் ஒரு நாள் விடுங்கள். மழை இருட்டு கட்டினால் அன்றைக்கு பிரஷைத் தொடாதீர்கள். லாச்சிகளை இரண்டு மூன்று வாரம் வெளியே எடுத்து வையுங்கள். அவற்றின் பக்கவாட்டுக்குச் சாயமே வேண்டாம்.

கேள்வி (சுங்கை சிப்புட்): நான் படுத்த மரத் தொட்டில் கட்டில் 1970களில் வாங்கியது. மஞ்சளும் பச்சையும் அடித்தது. தேய்த்துப் புதுச் சாயம் அடித்துப் பேரனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தேய்க்கவும் வேண்டாம். அந்தக் காலத்து எனாமல் சாயங்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் கலப்பது வழக்கம். அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் அதை 1978இலேயே தடுத்துவிட்டார்கள். கட்டில் சும்மா நிற்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உப்புத்தாள் போட்டதும் ஈயம் தூசாகப் பறந்து தரையில் படியும், தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம் அது, இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் அளவே கிடையாது. மேலே புதுச் சாயம் பூசி மறைத்தாலும் பல் முளைக்கும் பிள்ளை விளிம்பைக் கடிக்கும். பழைய கட்டில்களில் கம்பிகளின் இடைவெளியும் அதிகமாக இருக்கும். 6 சென்டிமீட்டரைத் தாண்டினால் உடம்பு நழுவி, தலை மாட்டிக்கொள்ளும். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேரனைப் படுக்க வைக்காதீர்கள்.

கேள்வி (பகாவ்): ஓர் அலமாரிக்கு ஐந்து லிட்டர் டின் லாபமா, ஒரு லிட்டரா?

பதில்: ஒரு லிட்டர். ஆறடி உயரம், நாலடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள அலமாரிக்கு முன்பக்கம், இரு பக்கவாட்டு, மேல்தட்டு எல்லாம் சேர்த்து 56 சதுர அடி, அதாவது 5 சதுர மீட்டர் சொச்சம். ஒரு லிட்டர் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரை போகும். இரண்டு பூச்சுக்குச் சரியாக வரும். பெரிய டின்னில் லிட்டர் விலை குறைவுதான், ஆனால் திறந்த டின் அடுத்த தீபாவளிக்குள் ஆடை கட்டிவிடும். உள்பக்கத்துக்கு அடிக்காதீர்கள், துணியெல்லாம் சாய வாடை அடிக்கும்.