நீர்மேல் தத்தும் தவளை: கேள்வி பதில்

கேள்வி: குளக்கரையில் கால் வைத்ததும் தண்ணீர்மேலேயே தத்தித் தத்திப் போகிறதே, அது எந்தத் தவளை?

பதில்: அதன் அறிவியல் பெயர் யூஃப்ளிக்டிஸ் சயனோஃப்ளிக்டிஸ். 1799இல் ஜெர்மன் இயற்கையியலாளர் ஷ்னைடர் பெயரிட்டார். அந்த முதல் மாதிரியின் ஊராகக் கொள்ளப்படுவது நம் தரங்கம்பாடி. குளம், குட்டை, மெல்ல ஓடும் ஓடை எங்கும் இருக்கும். பின்கால் விரல் நுனிவரை சவ்வு உண்டு. அகன்ற அந்தப் பாதத்தால் தண்ணீரை உதைத்து, மிதக்கும் நிலையிலிருந்தே எம்பிவிடும்.

கேள்வி: வயலில் பார்க்கும் சிறு தவளையும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. வயல் தவளைக்குச் சவ்வு பாதிதான். விரட்டினால் பெரும்பாலும் புல்லுக்குள் ஓடும். இது தண்ணீருக்குள்தான் பாயும். கண்கள் உச்சந்தலையில் மேல்நோக்கி இருக்கும், முதுகில் சிறு சிறு கொப்புளங்கள். முதுகில் நீளநீளமாக மடிப்புகள் ஓடினால் அது இதுவல்ல, பெருந்தவளையின் குட்டியாக இருக்கலாம்.

கேள்வி: சிமெண்ட் தொட்டியில் தலைப்பிரட்டைகள் நன்றாக வளர்ந்தன. கால் முளைத்ததும் செத்து மிதக்கின்றன. ஏன்?

பதில்: அதிகம் நடக்கும் தவறு இது. முன்கால் வந்த பிறகு அது நுரையீரலால் மூச்சு வாங்க வேண்டும். வாலும் கரைந்துகொண்டிருப்பதால் நீச்சல் தடுமாறும். செங்குத்துச் சுவரில் ஏற இடமில்லாமல் மூழ்கிச் சாகிறது. சொரசொரப்பான பலகையையோ கற்களையோ அடியிலிருந்து நீர்மட்டத்துக்கு மேல்வரை சரிவாக வையுங்கள். நீர் இறங்கினாலும் சரிவு எட்ட வேண்டும். இன்றைக்கே வையுங்கள், மீதி பிழைக்கும்.

கேள்வி: புதிதாகக் குட்டை வெட்டுகிறேன். ஆழம்?

பதில்: நடுவில் 45 செ.மீ. போதும்; ஒரு பக்கமாவது கரை மட்டத்திலிருந்து மெல்ல இறங்கட்டும். குளோரின் கலந்த குழாய் நீரானால், திறந்த பாத்திரத்தில் ஒரு நாளாவது வைத்துவிட்டு ஊற்றுங்கள். குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீருக்கு இது உதவாது, மழைநீரே நல்லது. கரையில் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்: தவளை தோலாலும் நீரை உறிஞ்சும்.

கேள்வி: கொசுவுக்குக் கப்பி மீன் விடலாமா?

பதில்: முட்டையையும் சின்னத் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். விடாதீர்கள்.

கேள்வி: வேறு குளத்திலிருந்து நாலு தவளை கொண்டுவரட்டுமா?

பதில்: வேண்டாம். தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை தவளையோடும் தண்ணீரோடும் பரவும். பக்கத்தில் நீர்நிலை இருந்தால் மழைக்காலத்தில் அவையே வந்து சேரும்.