என்ஜின் அறை: ஓட்டை, வயர், பெயின்ட்

கேள்வி: பழைய காரைப் பிரித்து மறுபடி கட்டுகிறேன். என்ஜின் வெளியே இருக்கிறது. என்ஜின் அறையில் தேவையற்ற ஓட்டைகளை அடைத்து, வயர்களை மறைத்து, பெயின்ட் அடிக்க ஆசை. எதில் தொடங்குவது?

பதில்: வயரிங்கில். எந்த ஓட்டை வேண்டும், எது வேண்டாம் என்பது வயர் போகும் வழி முடிவான பிறகே தெரியும். வயரை ஃபெண்டருக்குள் (சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) கொண்டுபோனால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும் கல்லும் படும். உள் லைனர் (சக்கரத்துக்கு மேலே உட்புற மறைப்பு) இல்லாத வண்டியில் வேண்டாம். தகட்டைத் தாண்டும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்). வயரை நீட்டுவதற்கு அதே கனமுள்ள வயர், கிரிம்ப் (நசுக்கி இணைக்கும் உலோகக் குழல்), மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்). என்ஜின் சுழல்வதை அறியும் கிராங்க் சென்சார் வயரின் ஷீல்டை (மின் இரைச்சலைத் தடுக்கும் உறை) மட்டும் அறுக்காதீர்கள்; அதைத் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் வயரோடு சேர்த்தும் கட்டாதீர்கள். சிக்னல் குழம்பி என்ஜின் மிஸ்ஃபயர் ஆகும், அதாவது சரியாக எரியாமல் தடுமாறும்.

ஓட்டையைப் பட்டி வைத்து மூடினால் சூட்டிலும் அதிர்விலும் விரிசல் விடும். அதே கனத் தகட்டை வெட்டி, இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வெல்டிங் வையுங்கள். ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு நெளியும்.

தேய்ப்பதற்கு முன்பே கிரீஸ் முழுக்கப் போக வேண்டும். இல்லையென்றால் பெயின்டில் குழிகள் விழும். பிறகு 320 எண் உப்புத்தாள், எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு), 2கே பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது). சேசிஸ் எண்ணை மறைத்துவிட்டு அடியுங்கள். எர்த் வயரைப் பாடியோடு இணைக்கும் போல்ட் உட்காரும் இடம் வெறும் உலோகமாகவே இருக்கட்டும். நிறத்துக்கு வெளிர் சாம்பல் நல்லது. எண்ணெய்க் கசிவு உடனே தெரியும். கறுப்பு நிறமோ அழுக்கோடு கசிவையும் மறைத்துவிடும்.